சீமைக்கருவேலம்: நெற்றும் பிசினும்

செட்டிநாட்டுப் பகுதியில் தூர்ந்த கண்மாய்களின் உள்வாயிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடப்பது சீமைக்கருவேலம். வேலிக்காத்தான் என்றும் இது வழங்கும். மெக்சிகோ முதல் தென்னமெரிக்காவின் வடபகுதி வரையிலான வறள்நிலங்களே இதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. 'சீமை' என்னும் அடை அவ்வயல்வரவையே சுட்டுகிறது. சிவகங்கை மாவட்ட மக்கள் இதனைப் பெரிதும் விறகாகவும் கரிமூட்டத்திற்கு உரியதாகவும் அறிவர். உணவாக அறிந்தாரில்லை.

இம்மரத்தின் தாயகத்தில் நிலை வேறு. சொனோரா பாலைவனத் தொல்குடியினர் இதன் உறவின மரங்களின் முற்றிய நெற்றுகளை உரலில் இடித்து மாவாக்கி உண்டனர். பெரு நாட்டில் இவ்வினத்து நெற்றை வேகவைத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சுவர். இனிப்பு விதையில் இல்லை. தோலுக்கும் விதைக்கும் இடைப்பட்ட சதையில் உள்ளது. இந்தியாவிலும், ஜோத்பூரில் உள்ள மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனம் சீமைக்கருவேல நெற்றிலிருந்து காப்பித்தூள் போன்ற பொருள்களைச் செய்து காட்டியுள்ளது.

இம்மரம் கசியவிடும் பொருளைப் பற்றிச் சொல்லாராய்ச்சி ஒன்று தேவைப்படுகிறது. ஆங்கில வழக்கின் தாக்கத்தால் 'ரெசின்' என்பதையும் தமிழில் பிசின் என்றே பெயர்ப்பதுண்டு. ஆனால் வேலம்பிசின், முருங்கைப்பிசின், மதுரை ஜிகர்தண்டாவில் சேரும் பாதாம்பிசின் ஆகிய மக்கள் வழக்குகள் யாவும் நீரில் கரைவனவற்றையோ ஊறி உப்புவனவற்றையோ குறிக்கின்றன. நீரில் கரையாது, நெருப்பில் மணக்கும் குங்கிலியத்தையும் சாம்பிராணியையும் நாட்டார் பிசின் எனச் சுட்டுவதில்லை. உண்ணத்தக்கது எது, புகைக்குரியது எது என்னும் வேறுபாட்டைச் சொல்லே காத்து நிற்கிறது. கலைச்சொல்லாக்கம் அதனைக் குலைத்துவிட்டது எனலாம். சீமைக்கருவேலம் கசியவிடுவது சர்க்கரைக் கூறுகளால் ஆன, நீரில் கரையும் பிசினே. அமைப்பில் அது அரபுக்கோந்தை ஒத்தது; மெக்சிகோவில் அதற்கு மாற்றாகவும் பயன்பட்டுள்ளது.

எனினும் உண்ணலாம் என்பதால் அளவின்றி உண்ணலாம் என்பதன்று. நெற்றையே முதன்மைத் தீனியாகத் தொடர்ந்து உண்ட மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தாடை நரம்புகள் பாதிக்கப்பட்டு மெல்ல இயலாத நோய் உண்டாவது பிரேசிலில் பதிவாகியுள்ளது. நெற்றிலுள்ள ஆல்கலாய்டுகளே அதற்குக் காரணம். பிற தீனியோடு அளவாகக் கலந்து கொடுப்பதே தக்கது.

நெற்றை முழுமையாக விழுங்கும் ஆடுமாடுகளின் வயிற்றில் கடினமான விதை சிதைவதில்லை. சாணத்தோடு வெளிப்பட்டு அடுத்த தரிசில் முளைக்கிறது. விதையோடு அரைத்து மாவாக்கிய நெற்று முளைப்பதில்லை.