அடைமழையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் சென்னை வீடுகளில் துணி காயாது. பள்ளிச் சீருடை கொடியிலிருந்து நேரே இஸ்திரிப் பெட்டிக்குப் போகும். இஸ்திரிப் பெட்டியோ, பல வீடுகளில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்று வையுங்கள். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், அந்த அறைக் காற்றில் மட்டும் சுமார் 800 மில்லி தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அதற்குள் ஈரத்துணியையும் உலர்த்திக் கதவைச் சாத்தினால் அலமாரியின் பின்சுவரில் பூஞ்சை படரத் தொடங்கும். ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குள் வைத்தால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. ஏசியின் 'டிரை' முறையும் டீஹியூமிடிஃபயரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: குளிர்ந்த சுருளின் மேல் காற்றை ஓட்டி, ஆவியை நீராக்கி வடிக்கின்றன. இவை இல்லாத வீட்டில், துணி காயும் அறைக்கும் சமையலறைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் போதிய உதவி.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. 6 ஆம்பியர் பாக்ஸ், 230 வோல்ட்டில் 1380 வாட் வரைதான் தாங்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு அது போதும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சுவர் பிளக்தான் சரி.

பாக்ஸுக்குள் பிளக்கின் கம்பியைக் கவ்விப் பிடிப்பது ஒரு சிறிய பித்தளைத் தகடு. கடலோரத்து உப்பு ஈரத்தில் அது கறுத்து, பச்சை பூக்கும். பிடி தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். 0.1 ஓம் தடை இருந்தாலே, இஸ்திரிப் பெட்டி ஓடும்போது அங்கே ஏறத்தாழ 2 வாட் வெப்பம் பிறக்கும். இண்டக்ஷன் அடுப்பானால் 7 வாட்டுக்கும் மேல். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆணித்தலை அளவு இடத்தில், சுற்றிலும் பிளாஸ்டிக் மூடியிருக்க, அது தேங்கி நிற்கிறது. சூட்டில் தகடு இன்னும் தளரும். தளர்ந்ததால் இன்னும் சுடும்.

மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் எம்சிபி இந்தச் சூட்டைக் கண்டுகொள்ளாது. எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதே அதன் கணக்கு. எந்த இடம் சுடுகிறது என்பது அதற்குத் தெரியாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்சிசிபி உயிர் காக்கும் சாதனம், அவசியம் வேண்டும். ஆனால் இந்தச் சூட்டை அதுவும் பிடிக்காது. நம் கைதான் பிடிக்க வேண்டும். துணி தேய்த்து முடித்ததும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் சுட்டாலோ, துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தாலோ அந்தப் பாக்ஸைக் கழித்துவிடுங்கள். இன்னும் வேலை செய்யுதே என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

வயரைச் சுருட்டியபடியே இஸ்திரி போடுவதும் ஆபத்து. சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். பாக்ஸைத் தரையில் போடாமல் சுவரில், மாப் போடும் தண்ணீர் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். ஏற்கெனவே நனைந்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கக் கை வைக்காதீர்கள். முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள்.