முற்றா நிலக்கரி நிலங்களின் மீளமைப்பு

முற்றா நிலக்கரி நிலங்களின் மீளமைப்பு என்பது, வேளாண்மை, காடு வளர்ப்பு, எரிபொருள் தோண்டல் போன்ற தேவைகளுக்காக நீர் வடிக்கப்பட்ட சதுப்பு நிலங்களை மீண்டும் நீர் தேங்கிய நிலைக்குக் கொண்டு வரும் பணியாகும். முற்றா நிலக்கரி (பீட்) என்பது முழுவதும் மட்காத தாவர எச்சங்களால் ஆன கரிய நிற மண் ஆகும். இவ்வகை நிலங்கள் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3% மட்டுமே. எனினும் உலகின் மண்ணில் உள்ள கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவற்றில் அடங்கியுள்ளது. நீர் வடிந்தால் இக்கரிமம் கரியமில வாயுவாக வளிமண்டலத்தில் கலப்பதால், இந்நிலங்களை மீளமைப்பது புவி சூடாதலைத் தணிக்கும் வழிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

உருவாகும் விதம்

நீர் தேங்கிய நிலத்தில் ஆக்சிசன் குறைவாக இருக்கும். எனவே உதிர்ந்த இலை, வேர், மரத்துண்டு ஆகியவற்றை நுண்ணுயிர்கள் முழுவதுமாகச் சிதைக்க இயலாது. ஆண்டுதோறும் எஞ்சும் தாவரப் பொருள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிகிறது. இப்படிவு பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். ஆகவே பத்து மீட்டர் ஆழமுள்ள படிவு உருவாகப் பல ஆயிரம் ஆண்டுகள் தேவைப்படும். குளிர்ந்த நாடுகளில் இது பெரும்பாலும் பாசிகளாலும் கோரைகளாலும் ஆனது. தென்கிழக்காசியாவில் சதுப்புக் காட்டு மரங்களின் எச்சங்களால் ஆனது.

நீர் வடிவதால் ஏற்படும் விளைவுகள்

கால்வாய் வெட்டி நீரை வடித்தவுடன் மண்ணுக்குள் காற்று நுழைகிறது. அதுவரை சிதையாமல் இருந்த பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தொடங்குவதால் கரியமில வாயு வெளிப்படுகிறது. நிலம் சுருங்கித் தாழ்கிறது. வெப்பமண்டலப் பகுதிகளில் நீர் வடிக்கப்பட்ட நிலம் முதல் சில ஆண்டுகளில் ஒரு மீட்டருக்கும் மேலாகவும், அதன் பின் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதமும் தாழ்வது அறியப்பட்டுள்ளது. அதாவது படிந்த வேகத்தைப் போலப் பல மடங்கு வேகத்தில் அது அழிகிறது.

உலர்ந்த முற்றா நிலக்கரி எளிதில் தீப்பற்றும். இத்தீ நிலத்தின் மேல் மட்டுமன்றி மண்ணுக்குள்ளும் புகைந்து பரவும். மேலே ஊற்றும் நீரால் இதை அணைப்பது கடினம். பல நேரங்களில் பெருமழை பெய்யும் வரை இது வாரக்கணக்கில் எரியும்.

உலகிலுள்ள இந்நிலங்களில் ஏறத்தாழ 12% நீர் வடிக்கப்பட்டோ சீர்கெட்டோ உள்ளன. மாந்தச் செயல்களால் வெளியாகும் பசுமைக்குடில் வளிமங்களில் ஏறத்தாழ 4% இவற்றிலிருந்து வருவதாக மதிப்பிடப்படுகிறது.

எடுத்துக்காட்டு: நடுக் கலிமந்தான்

இந்தோனேசியாவின் நடுக் கலிமந்தான் மாகாணம் போர்னியோ தீவில் உள்ளது. 1995-இல் அன்றைய அதிபர் சுகார்த்தோ, அரிசியில் தன்னிறைவு பெறும் நோக்குடன் அங்கு 10 இலட்சம் ஹெக்டேர் பரப்பை நெல் வயல்களாக மாற்ற ஆணையிட்டார். இது 'மாபெரும் நெல் திட்டம்' என அழைக்கப்பட்டது. 1996 முதல் காடுகள் வெட்டப்பட்டு, 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கால்வாய்கள் தோண்டப்பட்டன. பிற தீவுகளில் இருந்து உழவர் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. ஆனால் அமிலத்தன்மை மிக்க, ஊட்டம் குறைந்த அம்மண்ணில் நெல் விளையவில்லை. 1999-இல் திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய்கள் எஞ்சி நின்று தொடர்ந்து நீரை வடித்தன.

இதற்கிடையே 1997-இல் எல் நினோ வறட்சியின் போது பெருந்தீ மூண்டது. அவ்வாண்டு இந்தோனேசியா முழுவதும் முற்றா நிலக்கரியும் அதன் மேல் இருந்த தாவரங்களும் எரிந்ததால் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கரிமம் வெளியானதாக 2002-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இது புதைபடிவ எரிபொருள்களால் உலகம் முழுவதும் ஓராண்டில் வெளியான கரிமத்தில் 13% முதல் 40% வரை ஆகும்.

2015-ஆம் ஆண்டின் தீயில் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 26 இலட்சம் ஹெக்டேர் எரிந்தது. இதன் இழப்பை உலக வங்கி 1,600 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிட்டது. புகை மூட்டம் சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளையும் பாதித்தது.

மீளமைப்பு முறைகள்

2016 சனவரியில் இந்தோனேசிய அரசு, முற்றா நிலக்கரி நிலங்களை மீளமைப்பதற்கெனத் தனி முகமை ஒன்றை அமைத்தது. ஏழு மாகாணங்களில் 20 இலட்சம் ஹெக்டேரை மீளமைப்பது அதன் தொடக்க இலக்கு. 2020-இன் இறுதியில் அலையாத்திக் காடுகளின் மீட்பும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டு, பணிக்காலம் 2024 வரை நீட்டிக்கப்பட்டது. இம்முகமை மூன்று வகைப் பணிகளை மேற்கொண்டது.

1. மீண்டும் ஈரமாக்கல்: கால்வாய்களின் குறுக்கே மரத்தாலும் மண்மூட்டைகளாலும் தடுப்பணைகள் கட்டப்படுகின்றன. இந்நிலம் இரு ஆறுகளுக்கு இடையே தாழ்ந்த குவிமாடம் போல் மேடாக இருப்பதால் ஓரணை மட்டும் போதாது. சரிவு நெடுகப் படிக்கட்டுகள் போலப் பல அணைகள் தேவை.
2. தாவரங்களை மீட்டல்: சதுப்பில் வளரக்கூடிய செலுத்துங், பலங்கேரான் முதலிய உள்ளூர் மரங்கள் நடப்படுகின்றன.
3. வாழ்வாதாரத்தைச் சீராக்கல்: மீன் வளர்ப்பு, தேன் எடுத்தல் போன்ற, நிலத்தை உலர்த்தாத தொழில்கள் ஊக்குவிக்கப்படுகின்றன.

2016-இன் அரசு விதி ஒன்று, பயிரிடப்படும் இவ்வகை நிலங்களில் நிலத்தடி நீர்மட்டம் 40 சென்டிமீட்டருக்குக் கீழ் இறங்கக்கூடாது என வரையறுத்தது. நீர்மட்டம் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் உயரும்போதும், நீர் வடிக்கப்பட்ட நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்கு இணையான வெளியேற்றம் குறையும் என 2021-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. ஆகவே நிலத்தை உடனே முழுவதும் நனைக்க இயலாத இடங்களிலும் நீர்மட்டத்தை ஓரளவு உயர்த்துவது பயன் தரும்.

சிக்கல்கள்

மீண்டும் நனைந்த நிலத்தில் இருந்து மீத்தேன் வெளியேறுகிறது. மீத்தேன் கரியமில வாயுவை விட வலிமையான வெப்பம் பிடிக்கும் வளிமம். எனினும் அது வளிமண்டலத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளே நீடிக்கும். கரியமில வாயுவோ பல நூற்றாண்டுகள் தங்கும். எனவே நீண்ட கால நோக்கில் நிலத்தை உலர விடுவதை விட நனைப்பதே நன்மை தரும்.

இரண்டாவது சிக்கல் மக்களைச் சார்ந்தது. கைவிடப்பட்ட கால்வாய்களை உள்ளூர் மக்கள் படகு வழிகளாகப் பயன்படுத்துகின்றனர். அணை கட்டினால் அவ்வழி அடைபடுகிறது. மக்களைக் கலந்து பேசாமல் கட்டப்பட்ட அணைகள் உடைக்கப்பட்டதும் உண்டு. படகு கடந்து செல்ல அணையின் நடுவே வழி விடுவது இதற்கு ஒரு தீர்வாகும்.

மூன்றாவது, நிலப் பயன்பாட்டுக் கொள்கை. 2020-இல் இந்தோனேசிய அரசு, மாபெரும் நெல் திட்டம் கைவிடப்பட்ட அதே பகுதியில் மீண்டும் உணவுப் பயிர்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2019, 2023 ஆண்டுகளின் வறட்சியிலும் நாட்டில் பெருந்தீ ஏற்பட்டது.

பிற நாடுகளில்

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இந்நிலங்கள் வயல்களாகவும் மேய்ச்சல் நிலங்களாகவும் மாற்றப்பட்டு வந்துள்ளன. 2010-இல் மாஸ்கோவைச் சூழ்ந்த புகைக்குப் பின் உருசியாவில் நீர் வடிக்கப்பட்ட பகுதிகள் மீண்டும் நனைக்கப்பட்டன. 2024-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை மீளமைப்புச் சட்டம், வேளாண்மைக்காக நீர் வடிக்கப்பட்ட இவ்வகை நிலங்களுக்குத் தனி இலக்குகளை வகுத்துள்ளது. நாணல், சம்பு போன்ற, ஈர நிலத்திலேயே விளையும் பயிர்களை வளர்க்கும் ஈரநில வேளாண்மையும் செருமனி முதலிய நாடுகளில் ஆய்வு செய்யப்பட்டு வருகிறது.

மீளமைப்பினால் நீர் வடிக்கப்பட்ட நிலத்தின் கரிம வெளியேற்றத்தைச் சில ஆண்டுகளிலேயே பெருமளவு குறைக்க முடியும். ஆனால் ஏற்கெனவே எரிந்துபோன படிவு மீண்டும் உருவாகப் பல நூறு முதல் பல ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகும். இதனால், சீர்கெடாத நிலங்களைக் காப்பது மீளமைப்பை விட முதன்மையானதாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

புவி சூடாதல்
சதுப்பு நிலம்
ராம்சார் உடன்படிக்கை