வெற்றுக் குலையும் எரிமலைப் பாறையும்

ஜோகூரின் பண்டார் தெங்காராவில் எந்தச் சாலையில் போனாலும் இரு பக்கமும் செம்பனைதான். இவ்வளவு மரம் இருக்கும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்க இயந்திரம் எதற்கு மாமா என்று அக்காள் மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் செம்பனையை 25 ஆண்டு வாக்கில் சாய்த்து மறுநடவு செய்கிறோம். சாய்த்த தண்டு மக்கும்போது, மரம் இழுத்து வைத்த வாயு பெரும்பாலும் காற்றுக்கே போய்விடும். தோட்டத்தில் கிராணியாக இருந்து கணக்கெழுதிய எனக்கு, வரவு வைத்த பக்கத்திலேயே செலவும் எழுதுவது போல்தான் இது.

எடுத்ததைத் திரும்ப விடாமல் வைத்திருக்க வேண்டும். ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் நிறுவனம் 2024இல் தொடங்கிய 'மம்மத்' ஆலை, விசிறிகளால் காற்றை இழுத்து, வாயுவைப் பிரித்து, நீரில் கரைத்து நிலத்தடிப் பாறைக்குள் அனுப்புகிறது. அங்கே அது கல்லாகிவிடும். முழு வீச்சில் ஓடினால் ஆண்டுக்கு 36,000 டன். உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு போன்றவற்றால் காற்றில் விடுவதோ ஆண்டுக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல். அவர்களுக்குப் பூமிச் சூடு இருக்கிறது, மின்சாரம் கிடைக்கிறது. ஜோகூருக்கு இது தோதுப்படாது என்பது என் எண்ணம்.

நமக்குச் செம்பனை ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும், பழம் உதிர்த்த வெற்றுக் குலை போதும். 100 டன் பழக்குலை உள்ளே போனால் 20 டன்னுக்குக் குறையாமல் வெற்றுக் குலை வெளியே வரும். மழை விட்டதும் அந்தக் குவியல் ஆவி விடும், புளித்த வாடை அடிக்கும், நார் இடுக்கில் காளான் முளைக்கும். மக்குகிறது, அதாவது கரியமில வாயு வெளியேறுகிறது. அதையே காற்றுப் புகாத உலையில் சுட்டால் கரியாகும். மண்ணில் கலந்த கரியை நுண்ணுயிர்கள் லேசில் தின்ன முடியாது. அதில் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். பூச்செடிக் கடைகளில் விற்கும் 'செக்காம் பாக்கார்' உமிக்கரியும் இதே சங்கதிதான்.

இன்னொரு வழி, எரிமலைப் பாறையை மாவாக அரைத்து நிலத்தில் தூவுவது. மழைநீரில் கரைந்த வாயு பாறையோடு வினைபுரிந்து, கரைந்த உப்பாக ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போகும். சபாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 50 டன் வீதம் மூன்றாண்டு போட்டுப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவைப் படித்தேன்: பாறை போட்ட இடத்துக்கும் போடாத இடத்துக்கும் இருந்த வித்தியாசம், அளவீட்டுப் பிழையைத் தாண்டித் தெளிவாகத் தெரியவில்லை. அதற்காக வழியே தப்பென்று சொல்ல முடியாது. இந்திய நெல்வயல்களில் இதைச் செய்யும் மாட்டி கார்பன் நிறுவனம், கரியமில வாயுவை அகற்றும் வழிகளுக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியில் 2025இல் 5 கோடி டாலர் முதல் பரிசை வாங்கியது. நம் சிகாமட்டிலும் அந்த வகைப் பாறை உண்டு.

இருந்தாலும் யாராவது என்னைக் கேட்டால் கரியைத்தான் முதலில் சொல்வேன். அதை எடை மேடையில் ஏற்றி இத்தனை டன் என்று எழுதலாம். பாறைக்கு ஓடைத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் சோதிக்க வேண்டும். மேலும் அந்தப் பாறைமாவு மூச்சில் ஏறும். உரம் போடும் பெண்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கித் தரும் செலவை நிர்வாகம் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.