ஒரு நாள் கார் பயணம்: கம்ப்யூட்டரில் திட்டமிடுவோம்

விடுமுறை நாளில் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு எங்காவது போய் வரலாம் என்றால், எல்லோரும் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் யோசிக்கிறோம். கூட்டம் இல்லாத, ஆனால் பார்க்க வேண்டிய நிலப்பகுதிகள் நம் பக்கத்திலேயே உள்ளன. அங்கே வழிகாட்டிப் பலகையும் ஓட்டலும் குறைவு என்பதால், வீட்டில் கம்ப்யூட்டர் முன் ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. திருப்பனந்தாளிலிருந்து அரியலூர், பெரம்பலூர் பக்கம் போய் வர நான் போட்ட திட்டத்தை உதாரணமாக வைத்து, இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் ஏன் அந்தப் பக்கம்? நம் டெல்டா முழுவதும் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். கொள்ளிடத்தைத் தாண்டி மேற்கே போனால் நிலமே வேறு. கிரேட்டேசியஸ் காலத்தில், அதாவது 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அரியலூர் பகுதியில் கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பிகளும் சுருள் வடிவ அம்மோனைட்டுகளும் இன்று சுண்ணாம்புப் பாறையில் கிடைக்கின்றன. அந்தக் காலத்தின் முடிவில்தான் மகாராஷ்டிரா பக்கம் எரிமலைக் குழம்பு பொங்கி தக்காணப் பாறைகள் உருவாயின. எரிமலைப் பாறை பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டும். அதே காலத்துக் கடலடி நமக்கு இரண்டு மணி நேரத் தூரம்தான்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள கல்மரத்தைத் தேட ‘சாத்தனூர்’ என்று டைப் செய்து பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டத்து சாத்தனூர் அணை வந்து நிற்கலாம். போதாக்குறைக்கு நம் ஆடுதுறைப் பக்கத்திலும் திருமூலரோடு தொடர்புடைய ஒரு சாத்தனூர் உண்டு! ‘காரை’ என்று டைப் செய்தாலோ காரைக்குடியும் காரைக்காலும் முந்திக்கொள்ளும். எனவே ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். மாவட்டப் பெயரையும் சேர்த்துத் தேடி, சாட்டிலைட் காட்சிக்கு மாறி, இடம் சரிதானா என்று பாருங்கள். பிறகு அந்தப் புள்ளியில் ரைட் கிளிக் செய்தால், மெனுவின் முதல் வரியில் இரண்டு எண்கள் தெரியும். அவைதான் அட்சரேகை, தீர்க்கரேகை. அவற்றின் மேல் கிளிக் செய்தால் காப்பி ஆகிவிடும். நோட்பேடில் ஒவ்வொரு இடத்துக்கும் இந்த எண்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

என் பட்டியல் இது. அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைக் கடக்கிறோம். 1836ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை இதுதான். பாலம் குறுகல், பொறுமை வேண்டும். அடுத்து கங்கைகொண்ட சோழபுரம், 2004ல் உலகப் பாரம்பரியச் சின்னமான கோவில். காலை வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும். பிராகாரக் கல் சுட்டால் வெறுங்காலில் நடக்க முடியாது. பிறகு ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் வழியாக அரியலூர். அங்கிருந்து சாத்தனூர். 1940ல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிப்போன மரம் ஒன்று அங்கே படுத்திருக்கிறது. நேரம் இருந்தால் காரை. மழை அரித்த செம்மண் மேடுகளும் பள்ளங்களும் வரிவரியாகத் தெரியும். திரும்பும்போது வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம், கரைவெட்டி பறவைகள் சரணாலயம் (2024ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது), திருமானூர், திருவையாறு, கும்பகோணம். மொத்தம் ஏறக்குறைய 200 கி.மீ.

இந்த இடங்களை ‘டைரக்‌ஷன்ஸ்’ பகுதியில் வரிசையாகச் சேர்க்கவும். நீலக் கோட்டை மவுசால் பிடித்து இழுத்தால் பாதையை மாற்றலாம். கூகுள் சில சமயம் இரண்டு கிலோமீட்டர் மிச்சம் பிடிக்க வாய்க்கால் கரை மேல் அனுப்பும். சாட்டிலைட் காட்சியில் பாதையின் அகலத்தைப் பார்த்து, கோட்டைப் பெரிய சாலைக்கு இழுத்துவிடுங்கள்.

அது காட்டும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வேன். அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகளின் லாரிகள். தை, மாசியில் நம் பக்கம் சாலையிலேயே நெல் காயும். என்னோடு வருவது எழுபது வயது அம்மாவும் பள்ளி போகும் மகளும். அம்மாவுக்கு மாத்திரை உண்டு, ஒரு மணிக்குச் சாப்பாடு தள்ளக் கூடாது. சாத்தனூரில் ஓட்டலை நம்ப முடியாது. அதனால் புளிசாதம் கட்டிக்கொண்டு, இருட்டுமுன் கும்பகோணம் வந்துவிடுமாறு பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று வந்தது. கரைவெட்டிக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் போய்ப் பலன். கோடையில் போனால் அதை வெட்டிவிடலாம்.

பெட்ரோல் கணக்குக்கு எக்ஸெல் போதும். பி1ல் தூரம், பி2ல் உங்கள் காரின் மைலேஜ், பி3ல் லிட்டர் விலை. பி4ல் =B1/B2*B3 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

பயணத்தில் சிக்னல் விட்டுப்போகும் இடங்கள் உண்டு. எனவே போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, உங்கள் படத்தைத் தட்டி, ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ தேர்ந்தெடுத்து, கும்பகோணம் முதல் பெரம்பலூர் வரை கட்டத்துக்குள் வருமாறு வைத்து வை-ஃபையில் டவுன்லோட் செய்யவும். ஆஃப்லைனில் கார் பாதை கிடைக்கும். போக்குவரத்து நெரிசல் தெரியாது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அடிப்படையாகக் கொண்ட ‘ஆர்கானிக் மேப்ஸ்’ அப்ளிகேஷனையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், இலவசம்.

ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. ‘கூகுள் எர்த் புரோ’ 2015 முதல் இலவசம். அதில் கடிகாரப் படத்தைக் கிளிக் செய்தால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும். அரியலூரைச் சுற்றியுள்ள வெள்ளைத் திட்டுகள் சுண்ணாம்புச் சுரங்கங்கள். ஸ்லைடரை நகர்த்திப் பாருங்கள், அவை விரிவது தெரியும். புதைபடிவம் இருப்பதும் அதே சுண்ணாம்பில்தான். அதனால் அங்கே சிப்பி கிடந்தால் பையில் போட்டுக்கொள்ளாமல், போட்டோ எடுத்து, அதோடு அந்த இடத்தின் எண்களையும் குறித்து வரும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். அருங்காட்சியகம் திறந்திருக்குமா என்று மட்டும் முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். மேப்பில் உள்ள நேரம் பல சமயம் பழையதாக இருக்கும்.