ஆட்டத்தின் சட்டம் யார் கையில்?

உதகமண்டலத்துக்கு வருகிற யாத்ரிகர்கள் தாவரத் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். ஏரியில் படகு ஏறுகிறார்கள். வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு மலை இறங்குகிறார்கள். உலகமெங்கும் ஜனங்கள் ஆடியும் பார்த்தும் களிக்கிற ஒரு விளையாட்டுக்கு இந்த ஊரில்தான் சட்டம் எழுதப்பட்டது என்ற விஷயம் அவர்களில் வெகு சிலருக்கே தெரியும். அந்த விளையாட்டு ஸ்னூக்கர். நம் பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியில் கூடி ஆடும் இணைய விளையாட்டுக்களைப் பற்றிச் சொல்ல வந்த நாம், ஸ்னூக்கரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

1875-ம் வருஷத்தில் ஜபல்பூரில் மழைக்காலத்துப் பொழுதைப் போக்க வழி தெரியாத சில ராணுவ உத்தியோகஸ்தர்கள், பில்லியர்ட்ஸ் மேஜையில் சிவப்புப் பந்துகளோடு வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் நெவில் சேம்பர்லேன். (பின்னாளில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்தவர் வேறு, பெயர் மட்டுந்தான் ஒன்று.) சில வருஷங்களுக்குப் பின் அவர் சென்னைச் சேனாதிபதி ராபர்ட்ஸின் பரிவாரத்தில் சேர்ந்து கோடை காலத்தில் உதகைக்கு வந்தார். 1882-ம் வருஷத்தில் உதகமண்டலம் கிளப்பில் ஸ்னூக்கரின் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டு, எல்லாரும் பார்க்கும்படி பில்லியர்ட்ஸ் அறையிலே தொங்கவிடப்பட்டன.

அது வெள்ளைக்காரத் துரைமார்களின் கிளப் என்பது வாஸ்தவந்தான். ஆனால் சுவரில் தொங்கிய காகிதத்தை எவனும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? மேஜையும் கோலும் பந்தும் கிடைத்த இடமெல்லாம் ஆட்டம் பரவிற்று. துரைமார்கள் கப்பலேறிப் போனார்கள். ஆட்டம் இங்கேயே தங்கிவிட்டது. 1984-ல் ஓம் அகர்வாலும், 2003-ல் பங்கஜ் அத்வானியும் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை இந்தியாவுக்கு வென்று கொடுத்தார்கள். அவர்கள் யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

இனி நம் காலத்து ஆட்டத்துக்கு வருவோம். பலர் கணிப்பொறி வழியாக ஒரே கற்பனை உலகத்தில் உலாவும் விளையாட்டை 1978-ம் வருஷத்திலேயே இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக் கழகத்து மாணவர்கள் உண்டாக்கினார்கள். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். 2017-ல் தென் கொரியாவிலிருந்து வெளிவந்த பப்ஜியிலோ, நூறு பேர் ஒரு தீவில் வந்து இறங்கிக் கடைசி ஒருவர் மிஞ்சும் வரையில் போர் புரிகிறார்கள்.

இந்த நூறு பேரும் ஒருவரோடொருவர் நேரே தொடர்பு கொள்வதாக நினைத்துவிடக் கூடாது. எங்கோ ஒரு நகரத்தில் சர்வர் என்னும் பெரிய கணிப்பொறி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொருவர் அசைவும் அதனிடம் போகிறது. யார் சுட்டார், யார் தப்பினார் என்று அது தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்பை விநாடிக்குப் பல தடவை எல்லாருக்கும் அனுப்புகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்கு விநாடியில் நூறில் ஒரு பங்கு போதும். ஆனால் வழியிலுள்ள இடைநிலையங்களும், மலைச்சரிவு மறைக்கிற கோபுரங்களும் சேர்ந்து அதைப் பன்மடங்காக்கிவிடுகின்றன. கோத்தகிரிப் பக்கத்துப் பையன் சுடுவதற்குள் கோயம்புத்தூர்ப் பையன் சுட்டுவிடுகிறான்!

எங்கள் மாணாக்கர்கள் இதிலே ஏன் இப்படி மூழ்குகிறார்கள் என்று பெற்றோர் வருந்துகிறார்கள். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். சமதரையான மைதானம் அருமை. வருஷத்தில் பல மாதம் மழையும் மூடுபனியும். அந்தி சாய்ந்தால் காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் நடமாடுகின்றன. தாய்மார் பிள்ளைகளை வெளியே விடுவார்களா? 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பாடத்துக்காக வாங்கிய தொலைபேசிதான் அவர்களுடைய சாயங்கால மைதானமாயிற்று. அங்கே அவர்களுக்குத் தோழர்கள் கிடைத்தார்கள். இதைக் கேலி செய்வது நியாயமல்ல.

ஆயினும் அந்த மைதானம் யாருடையது? 2020 செப்டம்பரில் இந்திய சர்க்கார் 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் போயிற்று. 2021-ல் வேறு பெயரில் திரும்பியது. 2022-ல் மறுபடி மறைந்தது. 2023-ல் மறுபடி வந்தது. தடைக்குக் காரணம் தேசப் பாதுகாப்பு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் பையன்களைப் பொறுத்தவரை, வந்ததும் போனதும் அவர்கள் கையில் இல்லை.

தடை இல்லாமலேயே ஆட்டம் சாவதும் உண்டு. பிரான்ஸ் தேசத்து உபிசாஃப்ட் கம்பெனி 2014-ல் விற்ற 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31-ல் அணைத்துவிட்டது. விலை கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் தகடு மிஞ்சியது. இதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில், ஐரோப்பிய யூனியனிடம் கொடுக்கும் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். ஆட்டத்தை மூடும்போது, வாங்கியவர்கள் தாங்களே நடத்திக்கொள்ள வழி வைக்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. உதகைச் சுவரில் தொங்கிய காகிதத்தைப் போல ஒன்று வேண்டும் என்கிறார்கள், அவ்வளவுதான்.

பண விஷயத்தில் நம் நாட்டுச் சட்டங்கள் விழித்துக்கொண்டிருக்கின்றன. இணைய ரம்மியில் தோற்றுக் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி கேட்டு, தமிழ்நாட்டுச் சட்டசபை 2022-ல் மசோதா நிறைவேற்றியது. கவர்னர் அதைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றிற்று. அடுத்த மாதம் அது சட்டமாயிற்று. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுக்களை விலக்கி, போட்டி விளையாட்டான ஈ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து ஆதரிக்கிறது. 2023-ல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டுக்களில் ஈ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே வழங்கினார்கள்.

நேரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் அவ்வளவு பயன்படவில்லை. பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவுக்குமேல் ஆடக் கூடாதென்று தென் கொரியா 2011-ல் சட்டம் செய்தது. பத்து வருஷம் பார்த்துவிட்டு அதைக் கைவிட்டது. அந்தக் காவல் வீட்டில்தான் நடக்க வேண்டும்.

ஆகையால் பெற்றோருக்கு நாம் சொல்வது இது: தொலைபேசியைப் பிடுங்குமுன் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஆட்டத்தை நடத்துகிறவர் யார்? இதில் எந்தெந்த இடத்தில் காசு கேட்கிறார்கள்? நாளைக்கு இதை மூடிவிட்டால் உனக்கு மிஞ்சுவது என்ன? முதல் இரண்டுக்கும் பிள்ளைகள் பளிச்சென்று பதில் சொல்வார்கள். மூன்றாவதில் தயங்குவார்கள்.

அந்தத் தயக்கத்திலேதான் கல்வி தொடங்குகிறது. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் வித்தை இன்று மலை உச்சிப் பள்ளிக்கும் எட்டாததல்ல. பிறர் வகுத்த விதிக்கு விரலசைப்பதோடு நில்லாமல், சொந்தமாக ஒரு சிறு ஆட்டத்துக்கேனும் விதி வகுக்க நம் பிள்ளைகள் கற்கட்டும். பொழுது போகாத சில உத்தியோகஸ்தர்களால் இந்த மலையில் அது முடிந்தது. அறிவிலும் ஆர்வத்திலும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் அவர்களுக்கு எவ்விதத்தில் குறைந்தவர்கள்?