கூரைச் செலவு ஒரு நாளோடு முடிவதில்லை



ஓசூருக்குக் "குட்டி இங்கிலாந்து" என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் கூரைக்கு வெப்பத்தடுப்பு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஏப்ரல் மாதத்தில் மாலை ஜெபத்திற்கு மேல்மாடி வார்டுக்கு வந்து நின்றால் விடை தெரியும். வெளியே காற்று குளிர்ந்திருக்கும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளமோ இரவிலும் கட்டில்கள்மேல் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். எழுந்து வெளியே போக முடியாத வியாதியஸ்தர் எங்கே போவார்?

நம் முன்னோர் செங்கல் ஜல்லியோடு சுண்ணாம்பு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, கட்டையால் அடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். அது நல்ல முறை. ஆனால் மூன்று அங்குல ஜல்லி, சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் பாரம்; பழைய கட்டிடத்தில் பொறியாளரைக் கேட்காமல் போடக்கூடாது. இரண்டு அங்குல நுரைப் பலகை எடை குறைவு. வெறும் தளத்தின் வழியே இறங்கும் வெப்பத்தை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக்கும். வெள்ளைப் பூச்சு எல்லாவற்றிலும் மலிவு.

ஆனால் எதுவும் போட்டதோடு முடிவதில்லை. லாரிப் புழுதியும் கல்குவாரித் தூசியும் படியும் நம் பகுதியில் வெள்ளை சீக்கிரம் மங்கும்; கழுவ வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். மழைநீர்க் குழாயில் இலை அடைத்தால் தண்ணீர் தேங்கி ஓட்டு இடுக்கில் இறங்கும். சோலார் பேனல் பொருத்தத் துளையிட்டு, சரியாக அடைக்காமல் விட்டாலும் அதே கதிதான். உள்ளே ஈரம் ஏறினால் வெப்பத்தைத் தடுக்கும் சக்தி குறையும். ஒழுக்கைத் தேடி ஓடுகளைப் பெயர்க்கும்போதுதான் பெரிய செலவு வருகிறது.

ஆகவே இருபது ஆண்டுக் கணக்காகப் பாருங்கள். ஒரு பக்கம் போடும் செலவும் பராமரிப்பும். மறுபக்கம் அத்தனை ஆண்டு மின்கட்டணம். இரவும் பகலும் ஏசி ஓடும் அறைகளுக்கு மேலே போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். ஏசி இல்லாத பொது வார்டில் பில் அதிகம் குறையாது. அங்கே கிடைக்கும் ஆதாயம் வியாதியஸ்தரின் தூக்கம். 2018-இல் வெளியான மத்திய அரசின் "எக்கோ நிவாஸ் சம்ஹிதா", வீட்டுக் கூரைகளுக்கே வெப்பம் கடத்த உச்ச வரம்பு வைத்தது. ஆஸ்பத்திரிக் கூரைக்கு அக்கறை குறையலாமா?

புதுக் கட்டிடத்திற்கு நாம் மனமுவந்து கொடுக்கிறோம். கூரையைக் கழுவ யாரும் காணிக்கை எடுப்பதில்லை. பிரசங்கி 10-ஆம் அதிகாரம் சோம்பலையும் ஒழுகும் வீட்டையும் சேர்த்தே பேசுகிறது. அடுத்த முறை எந்தக் கட்டிட நிதிக்குக் கொடுத்தாலும், "கூரைப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று அன்போடு கேளுங்கள்.