பழைய வண்டி, புதிய எஞ்சின் – 9: எடை உட்காரும் இடம்

பேரையூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று எதற்கும் அம்பாசிடர்தான். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிறவர்கள் நெருக்கியடித்து ஏறி, கேரியரில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு சாப்டூர்ப் பக்கம் போவார்கள். 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றது. மிஞ்சிய வண்டிகளை ஆசையோடு வைத்திருப்பவர்களில் பலர் வேறு எஞ்சின் ஏற்றியிருக்கிறார்கள். டிக்கியில் கேஸ் டேங்க் வைத்திருக்கிறார்கள். எத்தனை சிசி, என்ன மைலேஜ் என்று எல்லோரும் கேட்கிறார்கள். முன் சக்கரங்களின் மேல் எத்தனை கிலோ கூடியது என்று யாரும் கேட்பதில்லை. கண்மாய்க் கரை வளைவில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்குமா என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

1950களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி வந்த வண்டி இது. முன்னால் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி, பின்னால் பட்டை ஸ்பிரிங். பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டுப் பெரிய டீசல் எஞ்சினை ஏற்றினால் மூக்கு கனக்கும். டீசலில் அழுத்தம் அதிகம். அதைத் தாங்க பிளாக்கும் கிராங்க்கும் தடிமனாக இருக்க வேண்டும். முன்பக்கம் தணிந்ததும் மெக்கானிக் டார்ஷன் பாரைப் பல் மாற்றிப் பூட்டித் தூக்கிவிடுவார். உயரம் சரியாகிவிடும். ஆனால் கம்பியின் விறைப்பு அப்படியேதான் இருக்கும். அது கம்பியின் கனத்தையும் நீளத்தையும் பொறுத்தது. எனவே பிரேக் பிடித்தால் முன்பைவிட அதிகமாக மூக்குக் குத்தும். டயரிலும் ஒரு சங்கதி உண்டு: சுமை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை. சுமை கூடிய முன் டயர்கள் வளைவில் முதலில் தோற்கின்றன. ஸ்டியரிங்கை ஒடித்த பிறகும் வண்டி வெளியோரம் பார்த்தே போகும்.

இதற்கு ஈடாகப் பின்னால் கனம் ஏற்றலாம் என்பது பலர் நினைப்பு. கேஸ் டேங்க் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் அது உட்கார்கிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே சுமார் 2.46 மீட்டர். கணக்குப் போட்டால் பின் அச்சில் 50 கிலோ கூடும், முன் அச்சில் 10 கிலோ குறையும். தராசில் இது நல்ல பலனாகத் தெரியும். ஆனால் கனம் வண்டியின் இரு கோடிகளிலும் இருந்தால், திரும்பத் தொடங்கவும் தாமதம், திரும்பியதை நிறுத்தவும் தாமதம். டேங்குக்காக ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துவிட்டால் காலி வண்டியில் பின்பக்கம் விறைத்துக்கொள்ளும்; மழை ஈரத்தில் வால் வழுக்கும்.

எடையின் இடத்தோடு போராடியவர்கள் பெரிய கம்பெனிகளிலும் உண்டு. போர்ஷே 911 காரின் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. 1960களின் நடுவில் முன் பம்பரின் இரு முனைகளிலும் தலா சுமார் 11 கிலோ வார்ப்பிரும்புக் கட்டியை ஒளித்து வைத்துப் பார்த்தார்கள். அது ஒட்டுவேலை. சரியான வேலை 1969 மாடலில் வந்தது: பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள், ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டு சிறிய பேட்டரிகளை முன் மூலைகளில் வைத்தார்கள். பேட்டரி எப்படியும் வண்டியில் இருக்க வேண்டிய பொருள். அதையே இடம் மாற்றினால் வெறும் கனம் சுமக்க வேண்டியதில்லை.

நாமும் அதைச் செய்யலாம். கனமான எஞ்சின் ஏற்றியவர்கள் பேட்டரியைப் பின் சீட்டுப் பக்கம், தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னாலேயே கொண்டுபோகலாம். நல்ல தடித்த கேபிளும், பேட்டரி அருகிலேயே ஃபியூஸும் கட்டாயம். கூரைக் கேரியரைக் கழற்றிவிடுங்கள். 40 கிலோ தரையில் இருந்தாலும் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தாலும் எடை மேடையில் ஒரே எண்தான்; வளைவில் வண்டி சாய்வது ஒன்றல்ல.

எஞ்சின் மாற்றத்துக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். 2021இல் வந்த வின்டேஜ் பதிவு விதியோ, 50 வயது கடந்தும் எஞ்சின், சேசிஸ், பாடி மாறாத வண்டிகளுக்குத்தான்.

வேலையைத் தொடங்கும் முன் லாரி எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. மேடையும் தரையும் ஒரே மட்டமாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் அதே அளவு பெட்ரோல் அல்லது டீசலோடு மறுபடி எடுங்கள். நான்கு சீட்டுகளையும் ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள்.